கல்லுமலைக் கால்

"—அஞ்சுடி, அஞ்சு கோலு! வெரல மடக்கி எண்ணிப் பாரு, ஒரு கை முழுசாப் போயிருச்சு—"

"—எண்ணுறவங்க, அது யாரு காலுன்னும் சேத்து எண்ணணும் பேச்சிக்கா! அஞ்சுல நாலு எங்க லயத்து ரொட்டி தின்னு வளந்த காலு—"

"—ரொட்டி நீங்க போட்டீங்க, பூட்ஸு நாங்க போட்டோம்! வெறுங்காலுல ஓடிக்கிட்டு இருந்தவனுக்கு—"

"—பூட்ஸப் போட்டுத்தான ஒங்க பெக்கு ஆளு தன் காலையே மிதிச்சுக்கிட்டு விழுந்தாரு! கோலு போட்டது பூட்ஸா, புள்ளயா?"

கை நிற்காது, வாயும் நிற்காது. அவள் கானுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முழங்கால் ஆழத்துக்கு வெட்டிய அந்தக் கான்தான் இரண்டு தோட்டங்களுக்கும் எல்லை. மேற்கே ஆத்துமலை, எங்களுடையது. கிழக்கே கல்லுமலை. எல்லை மலையில் கொழுந்து எடுக்கும் முறை வரும்போதெல்லாம் நானும் சுகிர்தமும் எதிரெதிர் செடி நெரை பிடித்துக்கொள்வோம். அவள் புருஷன் பத்திநாதன் கல்லுமலை டீமுக்குக் கேப்டன். என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் எங்கள் டீமில் கோல் காக்கிற கோலி. ஞாயிற்றுக்கிழமை ஆம்பளைகள் ஆடி முடித்த ஆட்டத்தைத் திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வாயால் மறுபடி ஆடுவோம்.

"ஏ பேச்சியம்மா!" என்று மேலே இருந்து சிவசாமிக் கங்காணி சத்தம் போட்டார். "தராசுல கோல நிறுக்க மாட்டாங்க, கொழுந்தத்தான் நிறுப்பாங்க! கையப் போடு!"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் கங்காணி! இவதான் பந்தக் கீழ போட விட மாட்டேங்குறா!"

சுகிர்தம் சிரித்துவிட்டாள். தோற்ற டீமின் கேப்டன் பெண்டாட்டி அப்படிச் சிரிப்பாளா? அவள் சிரிப்பாள். அந்த வருஷம் அவர்கள் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றிருந்தார்கள்.

அது அறுபதாம் வருஷம். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்கள் சில சேர்ந்து ஒரு கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்த காலம். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அந்தக் கோப்பை கல்லுமலையில் இருந்தது. அப்புறம் எங்களிடம் வந்தது. எப்படி வந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் தொரைக்குப் பந்தென்றால் உயிர். கல்லுமலையில் ஒருவன் நன்றாக ஆடுகிறான் என்று கண்ணில் பட்டால் ஒரே மாதத்தில் அவன் எங்கள் ஆள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் நிழல் வேலை, ஒரு ஜோடி பூட்ஸ், கலியாணமானவனுக்கு லயத்து வரிசை வீட்டில் இரண்டு அறை கொண்ட இரட்டைக் காம்பரா. அங்கே வேலையை விட்டதற்குப் பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு கானைத் தாண்டினால் போதும். முதலில் இடது பக்கம் ஓடுகிற சின்னராசா வந்தான். அப்புறம் கணேசமூர்த்தி. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். நான் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. நல்ல கால் நல்ல தரையில் ஓடட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஏனென்றால் கல்லுமலைக்குத் தரையே கிடையாது. அவர்கள் தொரை பந்துக்கு ஒரு பாகம் நிலம்கூடக் கொடுக்கவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் லொறி திரும்புகிற இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் தேயிலைச் சரிவு. அங்கேதான் வேலை விட்டபிறகு ஆடுவார்கள். பந்தைக் கொஞ்சம் தூக்கி அடித்தாலும் செடிக்குள் உருண்டு ஆற்றுக்குப் போய்விடும். எடுத்து வர அரை மணி நேரம். அதனால் அவர்கள் தூக்கியே அடிக்க மாட்டார்கள். பந்து காலோடு ஒட்டிக்கொண்டே போகும், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்குக் கைக்குழந்தை மாதிரி மாறும். பெரிய மைதானத்துக்கு வந்தால் அதுவே அவர்களுக்கு வினை. இரண்டு அடியில் நாங்கள் கடக்கிற தூரத்தை அவர்கள் பத்துப் பேரைச் சுற்றிக் கடப்பார்கள். அதற்குள் நாங்கள் கோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்போம்.

எங்கள் ஆட்களுக்குத் தொரை சொல்லிக் கொடுத்த சத்தம், பாஸ், சென்டர், மேன். கல்லுமலைக்குச் சொல்லிக் கொடுக்க யாருமில்லை. மலையில் கேட்ட சத்தத்தையே பந்துக்கும் வைத்துக்கொண்டார்கள். ஒரு நெரையில் கொழுந்து தீர்ந்ததும் கங்காணி "நெரை மாத்து!" என்பார். நாங்கள் யாரும் தலை நிமிர மாட்டோம். கால் தானாக அடுத்த நெரைக்குப் போகும். அதே சத்தத்தைப் பத்திநாதன் ஆட்டத்தில் போட்டால், பந்து வைத்திருக்கிறவன் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்காமல் எதிர்ப்பக்கத்துக்குத் தட்டிவிடுவான். அங்கே ஆள் இருப்பான். எப்போதும் இருப்பான்.

எங்கள் ஆட்கள் ஆடும்போது நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவர்கள் ஆடும்போது கத்த மறந்துபோய் நிற்பேன். இதை நான் சுகிர்தத்திடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சியம்மா, அந்தப் பத்திநாதன் பொஞ்சாதி ஒனக்குப் பழக்கந்தான?"

"பழக்கம்னு இல்லீங்கையா. சண்டை."

"அது போதும். கேட்டுக்க. அஞ்சாம் லயத்துல ரெட்டைக் காம்பரா ஒண்ணு வெள்ளையடிச்சு வச்சிருக்கு. ஸ்டோருல வேலையும் காலியா இருக்கு. தொரை அவன ரெண்டு தடவ கேட்டுட்டாரு. பாப்போம் பாப்போம்னே சொல்றான். நீ அந்தப் புள்ளகிட்டப் போட்டு வையி. பொம்பளைக்கு ஏறுனா ஆம்பளைக்குத் தானா எறங்கும்."

"அவரும் வந்துட்டா அங்க டீமு இருக்காதுங்களே ஐயா."

"இருந்து என்ன பண்ணப் போவுது? ஏழு ஆட்டம் தோத்த டீமு!"

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பத்திநாதன் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றால் எப்படி இருக்கும்! மறுநாள் எல்லை மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கானோரம் குந்தினேன்.

"சுகிர்தம், இங்க வா. சண்டைக்கு இல்ல."

"அப்ப ஏதோ பெருசு."

சொன்னேன். அவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தட்டிக்கொண்டே கேட்டாள். அவள் வீட்டில் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் அவர்கள் இருவரும் ஒரே காம்பராவில். மழை நாளில் அடுப்புப் புகை போக வழியில்லாமல் அவள் கடைக்குட்டி இருமுவது கான் தாண்டி எனக்கே கேட்கும்.

"சன்னல் இருக்கா பேச்சிக்கா?"

"ரெண்டு."

"ரெண்டா!" படங்கைத் தட்டுவதை நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள். "எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வருமா? ஆனா அவரு பசங்களுக்கு வாக்குக் குடுத்துட்டாரு. இந்த வருசம் மிச்சம் இருக்குறது ஒரே ஆட்டம், ஒங்க கிரவுண்டுல, வர்ற ஞாயித்துக்கெழம. அதுலயும் தோத்தா, பந்து வாங்கிக் குடுத்த மாதா கோயில் சாமியார்கிட்டயே பந்தத் திருப்பிக் குடுத்துட்டுக் கழகத்தக் கலைச்சிர்றது. அப்புறம் யாரு எங்க வேணும்னாலும் போவலாம். அவரும் வருவாரு."

"தோக்காட்டி?"

"ஜெயிச்சாலும் சரி, சமனா முடிச்சாலும் சரி, அடுத்த வருசமும் ஆடணும். ஒருத்தரும் கானத் தாண்டக் கூடாது. அப்புடித்தான் வாக்கு."

"அப்ப ஞாயித்துக்கெழம நீ எதுக்குடி கும்புடப் போற? சன்னலுக்கா, டீமுக்கா?"

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே எழுந்தாள். "காலைல பூசைக்குப் போவேன். மாதா கேட்டா அப்ப சொல்லிக்கிறேன். ஒங்களுக்கு எதுக்கு?"

நான் மட்டும் குழப்பமில்லாமல் வேண்டிக்கொண்டேன். ஸ்டோர் வாசலில் இருக்கிற ரோதமுனிச் சாமிக்கு, நாங்கள் ஜெயித்தால் ஒரு தேங்காய்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிரவுண்டில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லுமலையைக் காணவில்லை. ஆட்டம் நடத்த வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"வரமாட்டானுங்க ஐயா," என்றான் யாரோ. "பதினோரு ஆளு எங்க சேரும்?"

"வரலேன்னா தோத்த கணக்குத்தான்," என்றார் கண்டாக்கையா. அவர் முகத்தில் சந்தோஷம்.

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மேல் ரோட்டு முடக்கில் சாக்குக் கொங்காணி போட்ட தலைகள் தெரிந்தன. ஒருவர் பின் ஒருவராக, மூன்று மைல் நடந்து, வெறுங்காலோடு. எண்ணினேன். பத்துப் பேர், ஒரு ஆள் குறைவு. பத்தாவது ஆள் மாட்டுப்பட்டி இராமையா, ஐம்பது வயசு இருக்கும். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் ஒரு கூட்டம், முன்னால் சுகிர்தம்.

"ஐயோ, தாத்தாவுக்கு வெத்தல குடுங்கடா!" என்று எங்கள் பக்கத்தில் கத்தினார்கள்.

"பல்லு இருக்குப்பா, பாக்கும் சேத்துக் குடு," என்றார் இராமையா, கொங்காணியைக் கழற்றிக்கொண்டே. எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் எங்கள் அழகன் தூரத்தில் இருந்து ஓங்கி ஒன்று விட்டான். கோல். நான் குதித்தேன். அந்தப் பக்கம் சுகிர்தம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதோடு இன்னும் நாலு விழும் என்று நினைத்தோம். விழவில்லை. பத்திநாதன் எங்கே பந்தோ அங்கே இருந்தார். அவர் ஓடியதை நான் பார்க்கவில்லை. போய் நின்றதை மட்டும்தான் பார்த்தேன். தூறல் மழையாயிற்று. எங்கள் பூட்ஸ் சேற்றில் புதைய ஆரம்பித்தது. அவர்கள் வெறுங்கால் விரல்கள் சரிவில் கொழுந்தெடுக்கிற கால் மாதிரி மண்ணைக் கவ்விப் பிடித்தன. லொறி திரும்புகிற இடத்தில் ஆடுகிற அதே ஆட்டத்தை எங்கள் பெரிய கிரவுண்டின் ஒரு மூலையில் ஆடினார்கள். காலுக்குக் கால், காலுக்குக் கால். எங்கள் பதினொரு பேர் அந்தப் பத்துப் பேருக்கு நடுவே பந்தைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி பேச்சி, சத்தத்தக் காணோம்?" என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாக்கண்ணு.

"இரு, பாத்துக்கிட்டு இருக்கேன்."

"யாரப் பாக்குற?"

என் கண் பந்தை விட்டு நகரவில்லை.

முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும். கல்லுமலைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் கோலைக் காக்கப் பின்னால் வந்துவிட்டார்கள், சின்னராசாவும்தான். பந்து உள்ளே வந்து, ஒரு தலையில் பட்டு, சின்னராசா காலடியில் விழுந்தது. அவனைச் சுற்றி யாருமில்லை. ஓங்கி வெளியே அடித்தால் ஆபத்து முடிந்தது.

அந்த நேரத்தில் பத்திநாதன் குரல்:

"நெரை மாத்து!"

சின்னராசா நிமிரவில்லை. நீலச் சட்டை, பூட்ஸ், ஸ்டோர் வேலை எல்லாவற்றோடும் அவன் வலது காலின் உட்பக்கத்தால் பந்தை எதிர்ப்பக்கத்துக்குத் தட்டினான். அளந்து வைத்தது போலப் போயிற்று. அங்கே ஆள் இருந்தது. பத்திநாதன். என் வீட்டுக்காரர் இந்தக் கம்பத்தில் நிற்க, பந்து அந்தக் கம்பத்தோரம் உள்ளே போயிற்று.

அந்தப் பக்கம் கல்லுமலைப் பெண்கள் கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு என் கையைப் பிடித்து அமுக்கிய பிறகுதான் அது நான் என்று எனக்குத் தெரிந்தது.

மிச்ச நேரம் அவர்கள் பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் சுவராக நின்றார்கள். இராமையா ஒரு பந்தை நெஞ்சில் வாங்கி உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே அடுத்த பந்தையும் தடுத்தார். வாத்தியார் ஊதினார். ஒன்றுக்கு ஒன்று.

"யாருக்குடா ஆடுன நீ?" என்று முதலில் பாய்ந்தவர் என் வீட்டுக்காரர்தான். "யாரு குடுத்த பூட்ஸப் போட்டுக்கிட்டு யாருக்குப் பந்து குடுத்த?"

"அண்ணே, சத்தியமா வேணும்னு—"

"வாங்கிட்டான்டா! கல்லுமலக்காரன்கிட்ட வாங்கிட்டான்!"

"வாங்குறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கு, புளிச்சாறா?" என்றேன் நான். என் வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ பேசாத. நீ கை தட்டுனத நானே பாத்தேன்."

"கோலப் பாக்காம என்னயப் பாத்தா பந்து உள்ள போகாம என்ன செய்யும்?"

சிரித்தவர்கள் சிரிக்க, கோபக்காரர்கள் சின்னராசாவைச் சுற்றி நெருங்கினார்கள். கண்டாக்கையா அவர்களை விலக்கிக்கொண்டு பத்திநாதனிடம் போனார். மழையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பத்திநாதன், ஆட்டம் வேற, வீடு வேற. வெள்ளையடிச்சு வச்சாச்சு. தொரையே சொல்லிட்டாரு. நாளைக்கே வந்துரு."

"ஐயா மன்னிக்கணுங்க. இன்னைக்கு நாங்க தோக்கலீங்க."

"ஜெயிக்கவும் இல்லையேப்பா!"

"அதுவும் சரிதானுங்க. அதுக்குத்தான் அடுத்த வருசம் இருக்குதுங்களே."

நான் சுகிர்தம் பக்கத்தில் போய் நின்றேன். அவள் முக்காடு முழுக்க நனைந்திருந்தது.

"ரெண்டு சன்னலுடி," என்றேன்.

"போவட்டும் பேச்சிக்கா. எங்க தகரத்துல ஏற்கெனவே நாலு ஓட்டை இருக்கு. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்ல." சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கோலுக்கு ஒரு வீட்டக் குடுக்கலாம். என்னா சொல்றீங்க?"

எனக்கும் அப்படித்தான் பட்டது.

கல்லுமலைக்காரர்கள் கொங்காணியை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆயத்தமானார்கள். சின்னராசா இன்னும் சேற்றில் உட்கார்ந்திருந்தான். சுற்றி நின்று திட்டியவர்கள் களைத்துப்போய்க் கொஞ்சம் விலகியிருந்தார்கள். பத்திநாதன் அவனைத் தாண்டிப் போனவர், நின்று, திரும்பி வந்தார்.

"டேய், நான் ஒன்னயக் கூப்புடலடா. எங்க இராமையா அண்ணனக் கூப்புட்டேன். பந்து அவருகிட்ட இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன்டா?"

"சத்தம் கேட்டுச்சு. கால் போயிருச்சு. கால் போனதுக்கு அப்புறந்தான் சட்டை நெனப்பு வந்துச்சு."

பத்திநாதன் அவன் தலையில் கை வைத்து ஈரத்தை உதறினார். "நல்ல பந்துடா. ஒரு சாண் இந்தாண்ட வந்திருந்தாலும் எனக்குக் கெடச்சிருக்காது."

"ஒங்களுக்கு எந்தக் காலு வாகுன்னு எனக்குத் தெரியாதாண்ணே."

"போதும்டா, கொஞ்சிக்கிட்டது!" என்று எங்கள் பக்கத்தில் ஒருவன் கத்தினான். "அவ்வளவு பாசம்னா அங்கிட்டே போயிரு!"

கண்டாக்கையா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தார். சின்னராசா குனிந்து ஒரு பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு மழையில் இறுகியிருந்தது; பல்லால் கடித்து அவிழ்த்தான். அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அடுத்ததையும் கழற்றி அதற்குப் பக்கத்திலேயே நேராக வைத்தான். வெறுங்காலைச் சேற்றில் ஊன்றி எழுந்து பத்திநாதன் முகத்தைப் பார்க்காமல் மேல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"அண்ணே, நானும் அம்மாவும் இருந்த அந்தக் கடைசிக் காம்பராவுல இப்ப ஆளு யாரும் இருக்காங்களா?"